பழைய டெஸ்க்டாப் கேபினட்ல வீட்டு ஃபைல் சர்வர்: தகரம் ஓகே, உள்ள இருக்கறது?

அப்பாவோட ஆபீஸ்ல 2004 வாக்குல வாங்கின படுக்கை மாடல் கேபினட் ஒண்ணு பரண்ல கிடக்கு, அதுல மூணு நாலு டிஸ்க் மாட்டி வீட்டு போட்டோ, வீடியோ, ஸ்கேன் பண்ண பத்திரம் எல்லாத்தையும் வைக்கற மாதிரி சின்னதா ஒரு ஃபைல் சர்வர் கட்டலாமா, எத்தன டிஸ்க் பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. கேள்வி இடத்தப் பத்தினது மாதிரி இருக்கு. ஆனா நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சப்ப எனக்குப் பட்டது வேற: அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதுல எதையாவது திரும்ப யூஸ் பண்ணி காசு மிச்சம் பண்ணலாமா, இருபது வருஷப் பழைய பொட்டிய நம்பி பொண்ணோட மொத பொறந்தநாள் வீடியோவ வைக்கலாமா, இந்த ரெண்டும்தான் உண்மையான கேள்வி. மொதல்லயே சொல்லிடறேன், தகரத்த வச்சுக்கங்க, உள்ள இருக்கறத எல்லாம் கழட்டிடுங்க. எத்தன டிஸ்க்குங்கறத இடம் முடிவு பண்ணாது, சூடுதான் முடிவு பண்ணும். நான் கோயமுத்தூர்ல 17 வருஷமா ஹார்டுவேர் சர்வீஸ் பண்றேன், என் வீட்டு சர்வரும் ஒரு பழைய பொட்டிலதான் ஓடுது, அதுல நான் பண்ண தப்பையும் சேத்தே சொல்றேன்.

புது மதர்போர்டு உக்காருமாங்கற கவலை வேண்டாம். ஏடிஎக்ஸ்ங்கற போர்டு, கேபினட் அளவ இன்டெல் 1995ல கொண்டுவந்துச்சு, 2001ல வியா கம்பெனி மினி ஐடிஎக்ஸ்னு 170க்கு 170 மி.மீ. போர்டு கொண்டுவந்தப்ப அதோட நாலு ஸ்க்ரூ ஓட்டையையும் ஏடிஎக்ஸ் ஓட்டையோட பொருந்தற மாதிரியே வச்சாங்க. அதனால 2004 பொட்டில இன்னைக்கு வாங்கற போர்டு அப்படியே உக்காரும், பின்னாடி போர்ட் பட்டை வர்ற செவ்வக ஓட்டை கூட அதே சைஸ்தான். ஒரே ஒரு வேலை, போர்டுல ஸ்க்ரூ ஓட்டை இல்லாத இடத்துல பித்தளை ஸ்டான்ட்ஆஃப் (போர்டத் தூக்கி நிறுத்தற குட்டித் தூண்) நின்னா அதக் கழட்டிடணும், இல்லேன்னா போர்டோட முதுகுல இடிச்சு ஷார்ட் ஆகும். இது லோக்கல்ல அசெம்பிள் பண்ண பொட்டிக்கு. பிராண்டட் மெஷினா இருந்தா கதையே வேற, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பொட்டி) சைஸ் அவங்க சொந்த சைஸ், முன் பட்டன் வயர் எல்லாம் ஒரே கட்டையான கனெக்டர்ல வரும், அந்தக் காலத்துல சில கம்பெனிங்க பிடிஎக்ஸ்னு போர்ட தலைகீழா திருப்பிப் போடற மாதிரி ஒரு அமைப்பு வேற யூஸ் பண்ணாங்க, அது சீக்கிரமே செத்துப் போச்சு. அப்படி இருந்தா அந்தப் பொட்டிய காயலான் கடைக்கே கொடுத்துடுங்க.

இத படிக்கற வேற யாராவது அதுக்கும் முந்தின, ஏடிஎக்ஸ் வர்றதுக்கு முன்னாடி இருந்த ஏடி மாடல் பொட்டிய வச்சிருந்தா ஒரு எச்சரிக்கை. அதுல முன்னாடி இருக்கற பவர் சுவிட்சுக்கு நேரா 230 வோல்ட் வரும், எஸ்எம்பிஎஸ்லேர்ந்து கனமான வயர் முன்பக்கம் போறது தெரியும். புது போர்டோட பவர் பின்ல அத மாட்டணும்னு நினைக்கவே நினைக்காதீங்க. வயரோட மொத்தமா எடுத்துப் போட்டுட்டு அந்த எடத்துல ஒரு சாதாரண புஷ் பட்டன் வைங்க.

இப்ப உள்ள இருக்கற பென்டியம் 4 போர்டு. அது இன்னும் ஆன் ஆகுதுன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க, ஆகும், ஆனா அந்த மெஷின் சும்மா நிக்கும்போதே 80லேர்ந்து 100 வாட்ஸ் தின்னும். சர்வர்னா 24 மணி நேரமும் ஓடும். 100 வாட்ஸ்னு வச்சா நம்ம ஊரு ரெண்டு மாச பில் கணக்குல 144 யூனிட். இலவசமா தர்ற 100 யூனிட்டையும் அது ஒண்ணே சாப்டுட்டு மேலயும் கேக்கும், ஏற்கனவே ஏசி ஓடற வீடா இருந்தா 500 யூனிட்டத் தாண்டி ரேட்டே மாறிடும். புது லோ பவர் போர்டு, ரெண்டு டிஸ்க்குன்னா 25 வாட்ஸ் சுத்தி நிக்கும், அது 36 யூனிட். பழசை வச்சுக்கறதுல மிச்சம்னு நினைக்கற காசு கரண்ட் பில்லாவே போயிடும். அதோட அந்த வருஷங்கள்ல வந்த போர்டுகள்ல கெபாசிட்டர் உப்பி வாய் பொளக்கற வியாதி உலகம் பூரா இருந்துச்சு, பிராசசர் பக்கத்துல இருக்கற கெபாசிட்டரோட தலை தட்டையா இருக்கா குமிழ் விட்டிருக்கானு பாருங்க, நான் என்ன சொல்றேன்னு புரியும்.

போர்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு இன்டெல் என்100 மாதிரி பிராசசர் போர்டோடவே ஒட்டி வர்ற மினி ஐடிஎக்ஸ், 6 வாட்ஸ் சிப்பு, 2023ல வந்தது, ஃபைல் சர்வருக்குத் தாராளம். வாங்கறப்ப சாட்டா போர்ட், அதாவது டிஸ்க் கேபிள் சொருகற வாய், எத்தனைனு எண்ணிப் பாருங்க, பல போர்டுல ரெண்டுதான் இருக்கும். ரெண்டாவது வழி, ஆபீஸ்காரங்க கழிச்சுக்கட்டற ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் ஐ3 போர்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ உங்க ஊர் செகண்ட்ஹேண்ட் கடையிலயோ கிடைக்கும், எச்110 சிப்செட்டுன்னா நாலு சாட்டா இருக்கும். கரண்டு கொஞ்சம் கூட, விலை குறைவு. நான் ரெண்டாவதத்தான் எடுத்தேன், கெட்டுப்போனா அதே மாதிரி இன்னொண்ணு அன்னைக்கு சாயந்தரமே கிடைக்கும்ங்கற ஒரே காரணத்துக்காக. சாட்டா போர்ட் பத்தலைனா ஏஎஸ்எம்1166 சிப்பு இருக்கற சாட்டா கார்டு வாங்கலாம், ஆனா ஒரு போர்ட்ட அஞ்சாப் பிரிக்கற போர்ட் மல்டிப்ளையர் வேண்டாம், ஒரு டிஸ்க் மக்கர் பண்ணினா கூட இருக்கற மத்த டிஸ்க்கையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள வரிசையா சொருகி ரெய்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டற முறை) கட்டறதும் அதே மாதிரிதான், வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 2004 எஸ்எம்பிஎஸ்ல லேபிள் 450 வாட்ஸ்னு போட்டிருக்கும், பாதி வந்தா பெருசு. பழைய டிசைன் வேற, 5 வோல்ட் லைன்ல பலம், 12 வோல்ட்ல பலவீனம், இன்னைக்கு போர்டும் டிஸ்க் மோட்டாரும் கேக்கறது 12 வோல்ட்டத்தான். ஒரு 3.5 இன்ச் டிஸ்க் ஓடும்போது 5லேர்ந்து 8 வாட்ஸ்தான், ஆனா சுத்த ஆரம்பிக்கற அந்த சில செகண்டு 12 வோல்ட்ல 2 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். மூணு டிஸ்க் ஒண்ணா கிளம்பினா டிஸ்க்குக்கு மட்டும் 72 வாட்ஸ். இடம் மிச்சமாகும்னு பிக்கோ பிஎஸ்யூ (வெளி அடாப்டர்ல ஓடற குட்டி பவர் சப்ளை போர்டு) போட ஆசைப்பட்டா போடுங்க, நல்லதுதான், ஆனா சாதாரண 12 வோல்ட் பிக்கோ, அடாப்டர்லேர்ந்து வர்ற 12 வோல்ட்ட அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பிடும், நடுவுல சீர்படுத்தாது. அதனால சிசிடிவி கேமராவுக்குப் போடற மலிவு 12 வோல்ட் சப்ளைய அதுல மாட்டாதீங்க, டிஸ்க் கிளம்பறப்ப வோல்டேஜ் 11.4க்குக் கீழ விழுந்தா டிஸ்க் திரும்பத் திரும்ப நின்னு நின்னு கிளம்பும், நீங்க டிஸ்க்கத் திட்டிட்டு இருப்பீங்க.

அப்புறம் மோலக்ஸ்லேர்ந்து சாட்டாவுக்கு மாத்தற அந்தக் குட்டி வயர். இது நான் பண்ண தப்பு. பழைய நாலு பின் கனெக்டர் சும்மா இருக்கேன்னு கடையில கிடைச்ச கன்வெர்ட்டர் ஒண்ணப் போட்டேன், பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தி வார்த்த மாடல், ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் ஹால்ல வயர் கருகற வாசனை. தொறந்து பாத்தா கனெக்டர் கருகி டிஸ்க்கோட பவர் பின்னோட ஒட்டிக்கிட்டு இருக்கு. வார்த்த மாடல்ல உள்ள வயருங்க நெருக்கமா, சரியா நிக்காம இருந்து சூட்டுல ஒண்ணோட ஒண்ணு தொட்டுடும். வயர் ஒவ்வொண்ணும் தனித்தனியா பின்னாடி மூடியில அழுத்தி மாட்டியிருக்கற மாடல்தான் பரவால்ல, அதவிட நல்லது எஸ்எம்பிஎஸ்லயே வர்ற சாட்டா வயர்.

இன்னொண்ணு, எர்த். கேபினட்டத் தொட்டா சுருக்குனு இழுக்குதுன்னு எழுதியிருந்தீங்க, அது பொட்டி கெட்டுப் போனதால இல்ல. எஸ்எம்பிஎஸ் வாசல்லயே ஃபில்டருக்காக ரெண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும், அதோட நடு முனை தகரத்துல இணைஞ்சிருக்கும், எர்த் இல்லாத பிளக்குல சொருகினா தகரம் 115 வோல்ட் கிட்ட மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மிங்கறதால ஆளக் கொல்லாது, ஆனா ஈரக் கையோட குழந்தை தொடற இடத்துல அது வேண்டாம், நெட்வொர்க் போர்ட்டுக்கும் நல்லதில்ல. எலக்ட்ரீஷியனக் கூப்ட்டு அந்த சாக்கெட்டுக்கு எர்த் இருக்கானு பாருங்க. மூணு பின் பிளக்க ரெண்டு பின்னா மாத்தற கன்வெர்ட்டர் இருந்தா தூக்கிப் போடுங்க.

இப்ப சூடு, இதுதான் மெயின். அந்தக் காலத்துப் படுக்கை கேபினட்டோட முன்பக்கத்தப் பாருங்க, பிளாஸ்டிக் முகம் முழுசா அடைச்சிருக்கும், காத்து உள்ள வர எங்கயோ ஒரு ஓரத்துல நாலு கீத்து. அதுக்குப் பின்னாடி ஃப்ளாப்பி, அதுக்கு அடியில ஒரு டிஸ்க், பக்கத்துல சிடி டிரைவ் ரெண்டு. அந்தக் காலத்துல ஒரே ஒரு 40 ஜிபி டிஸ்க் பகல்ல எட்டு மணி நேரம் ஓடும், அதுக்கு இது போதும். நீங்க அதே கூண்டுல மூணு டிஸ்க்க ஒட்டி ஒட்டி வச்சு 24 மணி நேரம் ஓட்டினா நடுவுல இருக்கறது வேகும். நான் மொத வருஷம் பொட்டிய டிவி ஸ்டாண்டுல கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி வச்சிருந்தேன், மே மாசம் ஒரு நாள் பாத்தா நடு டிஸ்க் 56 டிகிரி. 100 டிஸ்க்குல எத்தன சூட்டால சாகுதுங்கறது நம்ம நினைக்கற அளவுக்கு நேரான கணக்கு இல்ல, அதையும் சொல்லிடணும். கூகுள்காரங்க 2007ல ஒரு லட்சத்துக்கு மேல டிஸ்க்குகள வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல சாதாரண சூட்டுக்கும் டிஸ்க் சாவுக்கும் பெரிய தொடர்பு தெரியல, வயசான டிஸ்க்குல, ரொம்ப அதிக சூட்டுலதான் வித்தியாசம் தெரிஞ்சுச்சு. ஆனா அவங்க டிஸ்க் டேட்டா சென்டர்ல இருந்தது, நம்ம ரூமே மே மாசத்துல 37 டிகிரி. அதனால என் கணக்கு இது, ஆய்வு இல்ல, பழக்கம்: கோடையிலயும் 45 தாண்டக் கூடாது, 50ஐத் தொட்டா பொட்டியத் தொறந்து ஏதாவது பண்ணு.

என்ன பண்றது? ஃப்ளாப்பிக் கூண்ட முழுசா கழட்டுங்க, ரிவெட் அடிச்சிருந்தா 3 மி.மீ. இல்ல 4 மி.மீ. டிரில் பிட்டால ரிவெட்டோட தலையத் தொளச்சா வந்துடும். 3.5 இன்ச் டிஸ்க் அகலம் 101.6 மி.மீ., சிடி டிரைவ் இடம் 146 மி.மீ., அதனால சிடி இடத்துல ரெண்டு பக்கமும் பட்டை வச்சு ஆளுக்கொரு டிஸ்க் போட்டா சுத்தி நல்லா காத்து போகும். படுக்கை பொட்டில ரெண்டு சிடி இடம் இருந்தா ரெண்டு டிஸ்க், அவ்ளோதான், நாலு போடணும்னு பேராசை வேண்டாம். ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டிய எங்க வேணா டபுள் சைட் டேப்ல ஒட்டிக்கலாம், அதுக்கு அதிர்வும் இல்ல சூடும் இல்ல. டிஸ்க்குக்கு நேர் எதிர்ல முன் தகரத்துல 120 மி.மீ. ஃபேனுக்கு ஒரு வட்டம் வெட்டணும், ஸ்க்ரூ ஓட்டை ஒண்ணுக்கொண்ணு 105 மி.மீ. தூரம். உயரம் பத்தலைனா 80 மி.மீ. ஃபேன் ரெண்டு, அதுக்கு 71.5. வீட்ல ஹேக்சா பிளேடால அறுத்து கையக் கிழிச்சுக்காம பக்கத்து லேத் பட்டறைல கொடுங்க, கால் மணி நேர வேலை. வெட்டறதுக்கு முன்னாடி உள்ள ஒரு பாகம் கூட இருக்கக் கூடாது, இரும்புத் தூள் ஒரு துணுக்கு போர்டுல விழுந்தாலும் போதும். வெட்டின விளிம்ப அரம் போட்டு பிரைமர் ஒரு கோட் அடிங்க, இல்லேன்னா மழைக்காலத்துலயே துரு ஏறும்.

காத்து உள்ள வர்ற வழி ஒண்ணே ஒண்ணா இருந்து அதுல வலை இருந்தா தூசி கம்மி. நான் நைலான் கொசுவலைய ரெண்டு மடிப்பா ஃபேன் முன்னாடி வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவ கழுவிப் போடறேன். பின்னாடி காலியா இருக்கற ஸ்லாட் ஓட்டைகள அடைச்சிடுங்க, எறும்பும் பல்லியும் வர்ற வழி அதுதான். சிரிக்காதீங்க, பல்லி விழுந்து போன எஸ்எம்பிஎஸ் எத்தன பாத்திருக்கேன்னு எனக்கே எண்ணிக்கை மறந்துடுச்சு. டிஸ்க்குக்கும் பட்டைக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப வட்டமா வெட்டி வாஷரா போட்டா பழைய தகரப் பொட்டி போடற அந்த ஊஊங்கற சத்தம் போயிடும்.

டிஸ்க் வாங்கறதப் பத்தி. கைல இருக்கற பழைய 500 ஜிபி டிஸ்க் ரெண்டையும் போட்டுடலாமானு கேட்டீங்க. பேக்கப் காப்பிக்கு ஓகே, மெயினுக்கு வேண்டாம். ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் நிலையப் பத்தி தானே வச்சிருக்கற கணக்கு) எடுத்து 5, 197, 198ங்கற நம்பர் வரிசையில சைபர் தவிர வேற ஏதாவது இருந்தா அந்த டிஸ்க்க நம்பாதீங்க, 199ல ஏறினா மட்டும் மொதல்ல சாட்டா கேபிள மாத்திப் பாருங்க. அதே கூகுள் ஆய்வுல, படிக்க முடியாத செக்டர் மொத தடவ தெரிஞ்ச டிஸ்க் அடுத்த 60 நாள்ல சாகற வாய்ப்பு மத்ததவிட 39 மடங்கு. ஆனா செத்த டிஸ்க்குல பாதிக்கு மேல இந்த முக்கியமான நம்பர் எல்லாம் சைபராவேதான் இருந்துச்சு. அதாவது ரிப்போர்ட் கெட்டதுன்னா நம்புங்க, நல்லதுன்னா நம்பாதீங்க. புதுசு வாங்கறப்ப சிஎம்ஆர் (டிராக்க தனித்தனியா எழுதற வழக்கமான முறை) டைப்பானு கேட்டு வாங்குங்க. எஸ்எம்ஆர்னு ஒண்ணு இருக்கு, ஓட்டு வேஞ்ச மாதிரி டிராக் மேல டிராக் ஏத்தி எழுதற முறை, சும்மா காப்பி பண்ணி வைக்க பரவால்ல, ஆனா ரெய்டுல டிஸ்க் மாத்தறப்ப நாள் கணக்குல இழுக்கும். 2020ல நாஸுக்குன்னே (நெட்வொர்க்ல இணைக்கற ஃபைல் சர்வர் பொட்டி) வித்த டபிள்யூடி ரெட் டிஸ்க் சிலதுல சொல்லாம எஸ்எம்ஆர் வச்சது வெளிய வந்து பெரிய சண்டையாச்சு, அப்புறம்தான் ரெட் பிளஸ்னு சிஎம்ஆரத் தனியா பிரிச்சாங்க. கடைக்காரர் தெரியாதுன்னு சொன்னா மாடல் நம்பர வச்சு கம்பெனி சைட்லயே பாத்துக்கங்க.

ரெண்டு டிஸ்க்கையும் மிரர் பண்ணுங்க, அதாவது ரெண்டுலயும் ஒரே டேட்டா எழுதற மாதிரி வைங்க, ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும். ஆனா மிரர் பேக்கப் இல்ல. நீங்க தப்பா ஒரு ஃபோல்டர டெலீட் பண்ணா ரெண்டுலயும் அதே செகண்ட்ல போயிடும், வைரஸ் வந்தா ரெண்டையும் பூட்டும், இடி இறங்கினா ரெண்டும் ஒண்ணாப் போகும். அந்த 500 ஜிபி டிஸ்க்குகளுக்கு இங்கதான் வேலை, முக்கியமான போட்டோவ மட்டும் மாசம் ஒரு தடவ அதுல காப்பி பண்ணி அப்பா வீட்லயோ தங்கச்சி வீட்லயோ வச்சிடுங்க. ஃபைல் சிஸ்டத்துக்கு இசட்எஃப்எஸ் நல்லது, ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபாக்கற எண்) வச்சு, ஒரு டிஸ்க்குல சத்தமில்லாம பிட் மாறியிருந்தா இன்னொண்ணுலேர்ந்து எடுத்துத் திருத்திடும், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய அப்படியே பதிஞ்சு வைக்கறது) போட்டா தெரியாம டெலீட் பண்ணதையும் மீட்கலாம். 1 டிபிக்கு 1 ஜிபி ராம் வேணும்னு பயமுறுத்துவாங்க, வீட்டு யூஸுக்கு அது சட்டம் இல்ல, 8 ஜிபில நிம்மதியா ஓடுது. ஈசிசி ராம் (தப்பா மாறின பிட்ட தானே திருத்தற ராம்) கட்டாயமாங்கறதுல பெரிய பெரிய ஆளுங்களே அடிச்சுக்கறாங்க, இருந்தா நல்லது, இல்லேங்கறதுக்காக சர்வரே கட்டாம இருக்க வேண்டாம், ஆனா போர்டு வாங்கின அன்னைக்கு ராத்திரி பூரா ராம சோதிக்கற மெம்டெஸ்ட் ஓட விடுங்க.

சாஃப்ட்வேர்ல ரொம்ப யோசிக்காதீங்க, ட்ரூநாஸ் இல்ல ஓப்பன்மீடியாவால்ட், ரெண்டும் ஃப்ரீ. மொதது இசட்எஃப்எஸ்ஸோடவே வரும், 8 ஜிபி ராமாவது கேக்கும். ரெண்டாவது டெபியன் மேல உக்காந்தது, லைட்டா ஓடும். விண்டோஸ் லேப்டாப்லேர்ந்து ஃபோல்டரா தெரிய சாம்பாதான் ரெண்டுலயும் வேலை பண்ணுது. எஸ்எம்பி 1ங்கற பழைய ஃபைல் ஷேரிங் முறைய மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஆன் பண்ணாதீங்க, பழைய டிவில தெரியலைன்னாலும் பரவால்ல, 2017ல ஃபைலப் பூட்டிப் பணம் கேக்கற வானாக்ரை வைரஸ் பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். வெளியூர்லேர்ந்து பாக்கணும்னா ரூட்டர்ல போர்ட் தொறந்து விடாதீங்க, வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ மாதிரி ஒரு விபிஎன் போடுங்க.

ஸ்பீடு வரலைன்னு பின்னாடி புலம்பறவங்க பாதிப் பேருக்கு வில்லன் ரூட்டர்தான். நெட் கனெக்ஷனோட இலவசமா தர்ற சில ரூட்டர்ல லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதுல செகண்டுக்கு 11, 12 எம்பி வரும், 2 டிபி காப்பி பண்ண ரெண்டு நாள். ஜிகாபிட்ல 110 எம்பி, அஞ்சு மணி நேரம். ஒரு சின்ன ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி சர்வரையும் கம்ப்யூட்டரையும் அதுலயே சொருகிட்டா முடிஞ்சுது. டிஸ்க்கோ பிராசசரோ இங்க தடையே இல்ல.

கரண்ட் கட். மாசாந்திர பராமரிப்புன்னு காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் போற ஊருல சர்வர் வைக்கறோம், அதனால யூபிஎஸ் கூடவே வாங்கணும், அதுவும் யூஎஸ்பி போர்ட் இருக்கற மாடலா பாத்து. அப்பதான் பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி சர்வர் தானா ஷட்டவுன் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறதா இருந்தா பின்னாடி சுவிட்ச யூபிஎஸ் மோடுல வைங்க, சைன் வேவ் மாடலா இருக்கட்டும், ஸ்கொயர் வேவ்ல சில புது எஸ்எம்பிஎஸ்ஸுங்க உறுமும், சிலது ஆஃபே ஆயிடும். பயாஸ்ல ஏசி பவர் திரும்பி வந்தா தானா ஆன் ஆகற ஆப்ஷன போட்டு வைங்க, இல்லேன்னா ஊருக்குப் போயிருக்கறப்ப அது தூங்கிட்டே இருக்கும்.

இவ்ளோக்கும் ரெடிமேட் ரெண்டு டிஸ்க் நாஸே வாங்கிடலாமானா, தகரம் வெட்டறதுல, வயர் ஓட்டறதுல உங்களுக்கு ஆசை இல்லேன்னா தாராளமா வாங்குங்க, தப்பே இல்ல. இதுல என் அனுபவம் ரெண்டுலேர்ந்து நாலு டிஸ்க் வரைக்கும்தான், எட்டு டிஸ்க் கட்டணும்னு பின்னாடி ஆசை வந்தா என்னைவிட பெரிய ஆளக் கேளுங்க. கட்டறதுன்னு முடிவு பண்ணா போர்டு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அந்தப் பழைய டிஸ்க் ரெண்டையும் சிடி டிரைவ் இடத்துல வச்சு, யூஎஸ்பி சாட்டா கன்வெர்ட்டர்ல லேப்டாப்போட இணைச்சு, மூடியப் போட்டு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் பெரிய ஃபைலா காப்பி பண்ணிக்கிட்டே இருங்க, ஃபேன் இல்லாம ஒரு தடவ, முன்னாடி ஏதாவது ஒரு ஃபேன கட்டி வச்சு ஒரு தடவ. ரெண்டு தடவயும் டிஸ்க் சூடு எவ்ளோனு குறிச்சு இங்க போடுங்க, எந்த சைஸ் ஓட்டை வெட்டணும்னு அதுக்கப்புறம் சொல்றேன்.